தாடி ஓணானுக்கு முதலில் வெயில், பிறகு சாப்பாடு

தில்லியில் குளிர் இறங்கியதும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். நான் விலங்கியல் ஆசிரியராக இருந்தவன். "சார், எங்கள் வீட்டு டிராகன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, என்ன கொடுக்கலாம்?" என்று நம் சங்கத்துக் குடும்பங்களே கேட்கின்றன. என்ன கொடுக்கலாம் என்பது இரண்டாவது கேள்வி. பெட்டிக்குள் எத்தனை டிகிரி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

'பியர்டட் டிராகன்' என்ற பெயர்தான் பயமுறுத்தும். நம் ஊர் வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு வெயில் காயும் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்ததே இதுவும். தொண்டைத் தோலை முள்தாடிபோல உப்பிக் காட்டுவதால் தாடி ஓணான் என்று சொல்லலாம். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதி. வாலோடு சேர்த்து 45 முதல் 60 செ.மீ. வரை வளரும். நன்றாகக் கவனித்தால் சுமார் 10 ஆண்டுகள் வாழும்.

செரிமானத்துக்குச் சூடு எங்கிருந்து?

நாம் சாப்பிட்ட இட்லி செரிக்க, நம் உடம்பே 37 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தயாரித்துக்கொள்கிறது. ஓணானுக்கு அந்த வசதி இல்லை. சூட்டை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். அதன் உடல் சுமார் 35 டிகிரியை எட்டும்போதுதான் செரிமான நீர்கள் சரியாக வேலை செய்யும், குடலும் உணவை நகர்த்தும். உடல் குளிர்ந்திருந்தால், விழுங்கிய பூச்சி வயிற்றிலேயே கிடந்து அழுக ஆரம்பிக்கும். அப்போது வாந்தி, வயிற்று உப்புசம், மலச்சிக்கல் எல்லாம் வரும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியும்.

சாப்பிடாத பிள்ளைக்கு இன்னும் இரண்டு வாய் ஊட்டிப் பார்ப்பது நம் வீட்டு வழக்கம். இங்கே அந்தப் பாசமே கெடுதல். குளிர்ந்த ஓணான் சாப்பிட மறுப்பது தன்னைக் காத்துக்கொள்ளத்தான். வாயைத் திறந்து திணிக்காதீர்கள்.

பெட்டிக்குள் இருக்க வேண்டிய வெப்பம்

1. வெயில் காயும் கல் அல்லது கட்டையின் மேற்பரப்பு: 38 முதல் 42 டிகிரி.
2. பெட்டியின் மறுமுனை, குளிர்ந்த பக்கம்: 24 முதல் 28 டிகிரி.
3. இரவில்: 18 முதல் 24 டிகிரி.

இரண்டு முனைகளும் ஒரே சூட்டில் இருக்கக் கூடாது. சூடு போதும் என்றால் ஓணான் தானே மறுபக்கம் போய்விடும். ஆகவே பெட்டி நீளமாக, குறைந்தது 4 அடி இருக்கட்டும். கல்லின் சூட்டைக் கையால் தொட்டு மதிப்பிட வேண்டாம். முனையில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். 'ஹீட் ராக்' என்று விற்கும் மின்சாரச் சூட்டுக்கல்லைத் தவிர்த்துவிடுங்கள், வயிறு வெந்துபோகும்.

சூட்டு விளக்கோடு யு.வி.பி. விளக்கும் நாள்தோறும் 10 முதல் 12 மணி நேரம் எரிய வேண்டும். தோலில் வைட்டமின் டி3 உண்டாக அந்தக் கதிர் தேவை. டி3 இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது, எலும்பு வளையும். ஜன்னல் வெயில் போதாதா என்று கேட்பார்கள். அந்தக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும்.

எப்போது, எவ்வளவு?

காலை 8 மணிக்கு விளக்கு போட்டால், 10 மணிக்கு முதல் உணவு. உடம்பு சூடேற அந்த இடைவெளி. மாலையில் விளக்கை அணைப்பதற்கு 2 மணி நேரம் முன்பே உணவை எடுத்துவிடுங்கள். நிறைந்த வயிறோடு குளிர்ந்த இரவுக்குள் போகக் கூடாது.

குட்டிக்குப் பூச்சிதான் முக்கிய உணவு. வளர்ந்ததற்குக் கீரையும் காயும் பெரும்பங்கு, பூச்சி சிறுபங்கு. பூச்சியின் நீளம் ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவிக் கொடுங்கள். இங்கே குளிர்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் கடுகுக் கீரை, பரங்கிக்காய், செம்பருத்திப் பூ கொடுக்கலாம். பாலக்கீரை சுண்ணாம்பைக் கட்டிப்போடும், தினமும் வேண்டாம். அவகாடோவும் மின்மினிப்பூச்சியும் விஷம்.

தில்லியின் இரண்டு சங்கடங்கள்

ஜனவரி இரவுகளில் வெளியே 7 டிகிரி சர்வசாதாரணம். அறை 18 டிகிரிக்குக் கீழே போனால், வெளிச்சம் தராத செராமிக் சூடேற்றியைத் தெர்மோஸ்டாட்டுடன் பொருத்துங்கள். இரவில் விளக்கு எரிந்தால் தூக்கம் கெடும். மின்சாரம் போய்விட்டால் பெட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள், காற்றுக்கு மட்டும் வழி விடுங்கள். சூடு திரும்பும்வரை உணவு கூடாது.

மே, ஜூனில் இதற்கு நேர்மாறு. கண்ணாடிப் பெட்டியை வெயில் விழும் பால்கனியில் வைத்தால், சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். ஒதுங்க நிழல் இல்லாமல் ஓணான் செத்துப்போகும்.

வளர்ந்த ஓணான் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தூங்குவதும் உண்டு. அது இயல்புதான். ஆனால் நோயும் அப்படியே தோன்றும். ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டி, மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத குட்டி சோர்ந்து கிடந்தால் தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

பல நாளாக மலம் போகவில்லை, வயிறு புடைத்திருக்கிறது என்றால் முதலில் வெப்பத்தை அளந்து சரிசெய்யுங்கள். 32 முதல் 35 டிகிரி வெந்நீரில், தோள் உயரத்துக்கு மேற்படாமல், 15 நிமிடம் நிற்க வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள். பின்னங்கால்களை இழுத்து நடந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். விளக்கெண்ணெய் முதலிய கைவைத்தியம் வேண்டாம். மணல் பரப்பியிருந்தால் எடுத்துவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள். உணவோடு விழுங்கிய மணலும் குடலை அடைக்கும்.

ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதி, காலை வெப்பம், தின்றது, மலம் போனது என்று நான்கு பத்தி போட்டுப் பிள்ளைகளையே தினமும் எழுதச் சொல்லுங்கள். வெப்பம் எழுதாத நாளில் உணவு இல்லை என்று ஒரு விதியும் வைத்துவிடுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால், அவர் முதலில் கேட்கப்போவதும் அந்த நான்கு விவரங்களைத்தான்.