சிறு வங்கிக்குச் சலுகை கொடுத்தால் யாருக்கு ஆபத்து?

அமெரிக்கச் சிற்றூர்களில் விவசாயிக்கும் கடைக்காரருக்கும் கடன் கொடுத்துவரும் சமூக வங்கிகள் மூலதனம் திரட்ட விதிகளைத் தளர்த்தலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. கூடவே சில தவறான நம்பிக்கைகளும் எழுகின்றன.

நம்பிக்கை: மூலதனம் என்பது பெட்டகத்தில் பூட்டிவைக்கும் பணம்.

உண்மை: பெட்டகத்தில் இருப்பது கையிருப்பு. மூலதனம், பங்குதாரர்கள் போட்ட சொந்தப் பணம். அதுவும் கடனாக வெளியே போகும். வங்கி கொடுத்த 100 டாலர் கடனில் 91 டாலர் டெபாசிட், 9 டாலர் மூலதனம் என்று வைத்துக்கொள்வோம். 5 டாலர் வாராக்கடனானால் அந்த 9 டாலரில்தான் கழியும். டெபாசிட்தாரருக்குச் சேதமில்லை.

நம்பிக்கை: விதியைத் தளர்த்தினால் வங்கியைக் கேட்பாரில்லை.

உண்மை: முன்பெல்லாம் பங்குதாரர் எண்ணிக்கை 500-ஐத் தொட்டால், சந்தையில் பட்டியலிடாத வங்கியும் பங்குச் சட்டப்படி பதிவுசெய்து, ஆண்டறிக்கை, காலாண்டறிக்கை எல்லாம் தாக்கல் செய்ய வேண்டும். தாத்தா வாங்கிய பங்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரிந்தாலே எண்ணிக்கை ஏறிவிடும். இந்த நிலையில் ஊர்க்காரர்களிடம் புதுப் பங்கு விற்க எந்தச் சிறு வங்கிக்குத் துணிச்சல் வரும்? 2012 ஏப்ரலில் ஒபாமா கையெழுத்திட்ட ஜாப்ஸ் சட்டம் அந்த வரம்பை 2,000 ஆக்கியது. பங்குதாரர்கள் 1,200-க்குக் கீழே இருந்தால் பதிவிலிருந்து விலகலாம் என்றது. முன்பு அது 300. ஆனால் வங்கி ஆய்வாளர்கள் வருவது நிற்கவில்லை. கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குக் காலாண்டுதோறும் தரும் நிதிநிலைக் கணக்கும் நிற்கவில்லை. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நம்பிக்கை: சிலிக்கான் வேலி வங்கியைக் கவிழ்த்ததே சிறு வங்கிச் சலுகைதான்.

உண்மை: வங்கி விதிகளைத் தளர்த்திய 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு தனித்தனிச் சலுகைகள் இருந்தன. சொத்து 1,000 கோடி டாலருக்கும் குறைவான வங்கிகளுக்கு எளிய மூலதனக் கணக்கு. 2020-இல் அது நடைமுறைக்கு வந்தபோது 9 சதவீதத்துக்கு மேல் மூலதனம் வேண்டும் என்றார்கள். மற்றொன்று பெரிய வங்கிகளுக்கு: கடும் கண்காணிப்பின் வரம்பு 5,000 கோடியிலிருந்து 25,000 கோடி டாலருக்கு ஏறியது. 2023 மார்ச்சில் விழுந்த அந்த வங்கியின் சொத்து ஏறத்தாழ 20,900 கோடி டாலர். அது அனுபவித்தது இரண்டாவது சலுகையை.

நம்பிக்கை: டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு, ஆகவே தளர்வால் யாருக்கும் இழப்பில்லை.

உண்மை: 2,50,000 டாலர் வரையிலான காப்பீடு டெபாசிட்டுக்கு மட்டும்தான், பங்குக்குக் கிடையாது. பதிவிலிருந்து விலகிய வங்கியின் பங்குதாரருக்கு அந்த விரிவான அறிக்கைகள் வராது. மோசடித் தடைச் சட்டம் இருந்தாலும், தகவலே வராதபோது தவறு தெரியவரத் தாமதமாகும். சலுகையின் விலையைக் கொடுப்பவர் இவர்தான். எனவே சிறு வங்கிப் பங்கு வாங்குகிறவர் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்: தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் அனுப்புவீர்களா? நான் விற்க நினைத்தால் வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்களா?