கணிப்பொறியில் ஒரு தொலைபேசி

நீங்கள் ஐயப்பன்தாங்கலில் குடியிருப்பதாகவும், உங்கள் சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்ப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் மாலையில் பாட்டி அவருடன் கணிப்பொறி வழியாகப் பேசுவது வழக்கம். அதற்குப் பயன்பட்டது ஸ்கைப் என்னும் மென்பொருள். 2025 மே 5 ஆம் நாள் அது நிறுத்தப்பட்டது. கணிப்பொறி பழுதாகவில்லை, இணைய இணைப்பு இருக்கிறது, சித்தப்பாவும் அங்கேதான் இருக்கிறார். ஆயினும் பேச முடியவில்லை. இது ஏன்?

ஸ்கைப் 2003 இல் தோன்றியது. 2011 இல் அதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வாங்கியது. ஒரு ஸ்கைப் மற்றொரு ஸ்கைப்புடன் எந்த முறையில் பேசுகிறது என்பது அதை உருவாக்கியவர்களுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். ஆகவே நிறுவனம் கடையை மூடியதும், அதைப் போன்ற ஒன்றைப் பிறர் செய்து அந்த இடத்தில் வைக்க வழியில்லாமற் போயிற்று.

வீட்டில் பல்பு எரிந்துபோனால் என்ன செய்கிறீர்கள்? வேறு கம்பெனியின் பல்பை வாங்கி அதே ஹோல்டரில் மாட்டுகிறீர்கள். ஹோல்டரின் அளவு எல்லாருக்கும் பொது. இணையப் பேச்சுக்கும் அவ்வாறு ஒரு பொது அளவு உண்டு. அதன் பெயர் சிப். மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது ஆகியவற்றுக்கான விதிகளின் தொகுப்பு அது. இன்று வழங்கும் வடிவில் 2002 இல் வெளியிடப்பட்டது. யாரும் படிக்கலாம், யாரும் அதன்படி மென்பொருள் எழுதலாம். நம் நாட்டில் இணையத் தொலைபேசி சட்டப்படி அனுமதிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான் (ஏப்ரல் 1).

சிப் விதிகளின்படி இயங்கும் மென்பொருள்களுள் ஒன்று லின்போன். பிரான்சு நாட்டில் 2001 இல் முதலில் லினக்ஸுக்காகவே எழுதப்பட்டது. அதன் மூல நிரல் திறந்து கிடக்கிறது. அதை நிறுவும் முறையைக் காண்போம்.

முதலில் கணிப்பொறி. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. அக்காவோ அண்ணனோ பயன்படுத்திய அத்தகைய மடிக்கணினி ஒன்று பரண்மேல் கிடக்கலாம். அதிலுள்ள பழைய லினக்ஸ் இன்றைய மென்பொருளை ஏற்காது. டெபியனின் புதிய பதிப்பொன்றை நிறுவிக்கொள்வதே நல்லது. அதற்குமுன் அதிலுள்ள புகைப்படங்களையும் கோப்புகளையும் பென் டிரைவில் படியெடுத்து வைக்க மறக்காதீர்கள். அண்ணனிடம் அனுமதி கேட்பதும் நிறுவுதலில் அடக்கம்!

லினக்ஸில் மென்பொருளைக் கண்ட இடத்திலிருந்து இறக்குவது வழக்கமில்லை. ஒவ்வொரு லினக்ஸுக்கும் சோதித்த மென்பொருள்கள் அடங்கிய களஞ்சியம் ஒன்று உண்டு. மென்பொருள் மையத்தைத் திறந்து லின்போன் என்று தேடுங்கள். கிடைத்தால் நிறுவு என்ற பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தியபின் உள்ளே நடப்பதுதான் சுவையானது. ஆப்ட் என்னும் ஏவலாள் களஞ்சியத்துக்குச் செல்கிறான். லின்போன் தனியாக இயங்காது. ஒலியைச் சுருக்க ஒரு நிரல், படம் காட்ட ஒரு நிரல் என்று பல துணைகள் வேண்டும். உங்கள் கணிப்பொறியில் எவை ஏற்கெனவே உள்ளன, எவை இல்லை என்று பார்த்து, இல்லாதவற்றை மட்டும் கொணர்கிறான். களஞ்சியத்தின் பட்டியலில் மின்னணு முத்திரை ஒன்று இருக்கும். அது சரியாக இருந்து, வந்த கோப்பும் பட்டியலோடு பொருந்தினால்தான் வட்டில் எழுதப்படும். வழியில் எவரேனும் கோப்பை மாற்றியிருந்தால் அங்கேயே அகப்பட்டுவிடும்.

களஞ்சியத்தில் லின்போன் இல்லையெனில், அதன் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து ஆப்இமேஜ் என்ற வடிவில் இறக்கலாம். துணை நிரல்களையும் தன்னுள்ளே சுமந்துவரும் ஒற்றைக் கோப்பு அது. இருமுறை சொடுக்கினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. திகைக்க வேண்டாம். இணையத்திலிருந்து வந்த எந்தக் கோப்பையும் லினக்ஸ் உடனே ஓடவிடாது. கோப்பின் பண்புகளுக்குச் சென்று, நிரலாக இயங்க அனுமதி என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். இந்தச் சிறு தொல்லை ஒரு பெரும் பாதுகாப்பு.

லின்போன் திறந்ததும் கணக்கு ஒன்று தொடங்கச் சொல்லும். தொடங்கினால் மின்னஞ்சல் முகவரி போன்ற சிப் முகவரி கிடைக்கும். சிங்கப்பூரில் சித்தப்பாவும் லின்போனைத்தான் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. சிப் அறிந்த வேறு மென்பொருளும் சிப் முகவரியும் இருந்தாலும் பேசலாம்.

பேச்சு கேட்கவில்லை என்றால் இணையத்தைக் குறை கூறுமுன் மைக்கைப் பாருங்கள். ஒலி அமைப்புகளில் உள்ளீடு என்னும் பகுதியைத் திறந்து வாய்விட்டுப் பேசுங்கள். அங்குள்ள கோடு துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் மைக் ஊமையாக்கப்பட்டிருக்கலாம், அல்லது வேறொரு மைக் தெரிவாகியிருக்கலாம். மைக் உள்ள இயர்போன் ஒன்றை மாட்டிக்கொண்டால் எதிரொலித் தொல்லையும் தீரும்.

இனி, பாட்டியின் குரல் எவ்வாறு கடல் கடக்கிறது என்பதைக் காண்போம். பேச்சு புரிவதற்கு நொடிக்கு 300 முதல் 3400 வரையிலான அதிர்வுகள் போதுமானவை. ஓர் அலையை மீட்டெடுக்க, அதன் உச்ச அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேல் அளவெடுக்க வேண்டும் என்பது விதி. எனவே தொலைபேசித் துறையினர் நொடிக்கு 8000 முறை அளவெடுத்தனர். ஒவ்வோர் அளவும் 8 பிட், அதாவது ஒரு பைட். நொடிக்கு 8000 பைட்.

இதை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டினால் துண்டுக்கு 160 பைட். ஒவ்வொன்றின்மீதும் முகவரி, வரிசை எண் முதலியன கொண்ட 40 பைட் சீட்டு ஒட்டப்படுகிறது. ஆக 200 பைட் கொண்ட பொதிகள், நொடிக்கு 50. அதாவது நொடிக்கு 10,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு 3 கோடியே 60 இலட்சம் பைட், ஏறத்தாழ 36 மெகாபைட். எதிர்த்திசையையும் சேர்த்தால் 72. இது பழைய முறை. 2012 இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்னும் சுருக்குமுறை இதைவிடக் குறைந்த பைட்டுகளில் இன்னும் தெளிவான குரலைத் தருகிறது. லின்போன் அதையும் அறியும்.

பொதிகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காகப் போய்ச் சேருமா? ஐயப்பன்தாங்கல் பணிமனையில் 50 மாணவர்களை ஆளுக்கொரு பேருந்தில் ஏற்றிப் பாரிமுனைக்கு அனுப்புவதாக எண்ணிக்கொள்ளுங்கள். போரூர்ச் சந்திப்பில் எந்தப் பேருந்து எவ்வளவு நேரம் நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? 7 ஆம் எண் மாணவன் 5 ஆம் எண்ணுக்கு முன் இறங்குவான். பாரிமுனையில் ஓர் ஆசிரியர் நின்று, சிறிது நேரம் காத்து, எண்படி அணிவகுக்கச் செய்து உள்ளே அனுப்புகிறார். காலம் கடந்து வந்தவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்! லின்போனும் அவ்வாறே சில பொதிகளைச் சேர்த்து வைத்து வரிசைப்படுத்துகிறது. தாமதித்தவற்றைத் தள்ளிவிடுகிறது. கடிதத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனால் மீண்டும் கேட்டு வாங்கலாம். பேச்சில் 20 மில்லிநொடி விட்டுப்போனால் காதுக்குத் தெரிவதேயில்லை. அதற்காகப் பேச்சை நிறுத்திக் காத்திருந்தால்தான் கெடுதி.

தாமதத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002 முதல் கடலடிக் கண்ணாடி இழை வடம் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 3200 கிலோமீட்டர். கண்ணாடியில் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: 16 மில்லிநொடி. செயற்கைக்கோள் வழியாகச் சென்ற பழைய அழைப்புகளிலோ 36,000 கிலோமீட்டர் ஏறி, 36,000 கிலோமீட்டர் இறங்க வேண்டும். அதற்கே 240 மில்லிநொடி ஆகும். 'ஹலோ' சொல்லிவிட்டுக் காத்திருந்த கதையைத் தாத்தாவிடம் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: 108, 112 ஆகிய அவசர எண்களை இந்த சிப் கணக்கிலிருந்து அழைக்க முடியாது. வீட்டில் கைபேசி இருக்கட்டும்.

இறுதியாக, வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனை. லின்போன் நிறுவிய இரு கணிப்பொறிகளை ஒரே ரவுட்டரில் இணையுங்கள். இரண்டிலும் கணக்கு எதுவும் வேண்டாம். தொடக்க வழிகாட்டியை மூடிவிடுங்கள். வலையமைப்பு அமைப்புகளில் யூடிபி துறை எண்ணை 5060 என்று நிலைப்படுத்துங்கள். பிறகு ஒன்றிலிருந்து மற்றதன் உள்ளக எண்ணை (192.168 என்று தொடங்குவது), முன்னே சிப் என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் இட்டு அழையுங்கள். இணைப்புக் கிடைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, வெளியிலிருந்து ரவுட்டருக்கு இணையத்தைக் கொண்டுவரும் கம்பியைக் கழற்றுங்கள். பேச்சு தொடரும். ஏனெனில் இங்கே பொதிகள் வீட்டைவிட்டு வெளியே போவதேயில்லை. ஒருவர் கூடத்தில் கைதட்ட, மற்றவர் மாடியில் கேட்டவுடன் திருப்பித் தட்டட்டும். தட்டியதற்கும் கேட்டதற்கும் இடையிலான நேரத்தைப் பத்துமுறை அளந்து சராசரி எடுங்கள். பின்னர் கம்பியை மாட்டி, சிப் கணக்கு வழியாகச் சித்தப்பாவை அழைத்து அதையே செய்து, இரு விடைகளையும் நோட்டில் எழுதி ஒப்பிடுங்கள்.