கை இல்லாமல் போன கொலம்பியா

காட்டாங்குளத்தூர்

அன்புள்ள தேன்மொழி,

லீவுக்கு வந்திருந்தபோது பொத்தேரி ஸ்டேஷனில் கேட்டாயே, "எஸ்ஆர்எம் அண்ணன்கள் செஞ்ச சாட்டிலைட்ல கல் பட்டா யாரு தாத்தா போய்ப் பார்ப்பாங்க?" என்று. அன்று ரயில் வந்துவிட்டது. இப்போது சொல்கிறேன்.

2011 அக்டோபர் 12-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய, எஸ்ஆர்எம் பல்கலைக்கழக மாணவர்களின் அந்த எஸ்ஆர்எம்சாட் 11 கிலோகூட இல்லை. அதைப் பார்க்க யாரும் போகமாட்டார்கள். ஆள் ஏறும் கலம் என்றால் கதை வேறு.

தாம்பரம் கார்ஷெட்டில் வண்டிக்கு அடியில் பள்ளத்தில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தே என் சர்வீஸ் கழிந்தது. மேலே பெயின்ட் மினுக்கும்; விரிசல் அடியில்தான் ஒளிந்திருக்கும். விண்வெளியில் பள்ளம் ஏது? உள்ளே இருப்பவரால் தன் கலத்தின் அடிவயிற்றைப் பார்க்க முடியாது.

1997-இல் விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லா முதல் தடவை விண்வெளிக்குப் போனது கொலம்பியா விண்வெளி ஓடத்தில். ரோபோ கையை இயக்கும் வேலை அவருடையது. அதே பயணத்தில், விண்நடையில் இருந்த வின்ஸ்டன் ஸ்காட் ஒரு பந்தை வெளியே விட்டார். 35 செ.மீ. குறுக்களவு; உள்ளே கேமரா, நைட்ரஜன் வாயுவைப் பீச்சி நகரும் 12 குட்டிக் குழாய்கள். கலத்துக்குள்ளிருந்து ஸ்டீவன் லிண்ட்ஸி ஓட்ட, ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதந்து படம் அனுப்பியது. கலத்தின் வெளிப்புறத்தைப் பார்வையிடப் பழக்கிய கண் அது.

2003 ஜனவரி 16. அதே கொலம்பியா, அதே கல்பனா. பந்தும் இல்லை, கையும் இல்லை. ஆய்வுப் பயணத்துக்குக் கை தேவைப்படாது என்று பொருத்தவே இல்லை. கிளம்பிய 82-ஆவது விநாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. பூமியிலிருந்த பொறியாளர்கள் படம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். மேலிடம் தேவையில்லை என்றது. இதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. பிப்ரவரி 1-இல் பூமிக்குத் திரும்பும்போது கலம் உடைந்து, உள்ளே இருந்த ஏழு பேரும் போய்விட்டார்கள்.

2005 ஜூலையில் அடுத்த ஓடமான டிஸ்கவரி போன பயணத்தில் ரோபோ கையின் நுனியில் இன்னொரு 15 மீட்டர் நீட்டுக்கோல், அதன் முனையில் லேசரும் கேமராவும். இறக்கை விளிம்பை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார்கள்.

இப்படி ரோபோ கை செய்ய நம் இஸ்ரோவும் தொடங்கிவிட்டது. 2024 டிசம்பர் 30-இல் போன பிஎஸ்எல்வியின் கடைசிக் கட்டத்தில், திருவனந்தபுரத்தில் செய்த ஏழு மூட்டுக் கை ஒன்று இருந்தது. ஒரு முனையை ஊன்றி மறுமுனையை எட்டி வைத்து, உடலை வளைத்து வளைத்துப் போகும் பச்சைப்புழு மாதிரி இடம் மாறும்படி அமைத்த கை அது. 2035-க்குள் இந்தியா கட்ட நினைக்கும் விண்வெளி நிலையத்துக்கு இது ஒத்திகை.

அந்த நிலையத்தை ஒரு படம் வரைந்து அனுப்பு. புழு மாதிரி நகரும் அந்தக் கை எங்கெங்கே ஊன்றும் என்று காட்டு. எந்த மூலை அதற்கு எட்டாது என்பதைச் சிவப்பில் குறி.

அன்புடன்,
தாத்தா