உப்புக்காற்றில் நிற்கும் காருக்கு ஒரு டப்பா வேக்ஸ்

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ கார் வாங்கியதை அக்கா போனில் சொன்னபோதே மனசு நிறைந்துவிட்டது. போட்டோக்களையும் பார்த்தேன். எட்டு வருஷம் ஓடிய ஸ்விஃப்டில் கதவுகளின் சிவப்பு இவ்வளவு உயிரோடு இருப்பது நல்ல விஷயம். பானட்டும் கூரையும் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கின்றன. தூத்துக்குடியில், வெட்டவெளியில், அதுவும் வேப்பமரத்தடியில் நிற்கப்போகிற வண்டி என்பதால் வேக்ஸ் போட வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குச் சந்தோஷம்.

கடைக்காரர் செராமிக் கோட்டிங்குக்கு 18,000 ரூபாய் சொல்கிறார், ஆபீஸ் நண்பர் 4,000 ரூபாய்க்கு வெளிநாட்டு டப்பா ஒன்றைக் காட்டுகிறார், எதை வாங்கட்டும் என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். ஆட்டோ உதிரிபாகக் கடைகளில் 500, 600 ரூபாய்க்குக் கிடைக்கும் கார்னாபா பேஸ்ட் வேக்ஸ் போதும். இத்தனை வருஷம் பெயிண்டிங் ஷெட்டில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், பெயிண்டைக் காப்பது பெரும்பாலும் வேக்ஸுக்கு முன்னால் நீ செய்யும் வேலையும், விடாமல் மறுபடி மறுபடி போடுவதும்தான்.

கார்னாபா, பிரேசிலின் வடகிழக்கில் பியாவி, சியாரா மாநிலங்களில் வளரும் ஒரு பனை. அங்கே மாதக்கணக்கில் மழை இருக்காது. உள்ளே இருக்கிற ஈரம் போய்விடாமல் இருக்க ஓலை தன் மேலேயே மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து, உதிரும் பொடியை உருக்கி எடுக்கிறார்கள். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போடுவதும் இதே மெழுகுதான். இது உருக 82 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும், பாரஃபினிலும் பல ரகங்கள் அதற்கும் முன்னாலேயே இளகும். சித்திரை வெயிலில் அடர்நிற பானட் 70 டிகிரியைத் தொடும் என்பதை வைத்து யோசித்துப் பார். வெறும் பாரஃபினை நம்பிச் செய்த மலிவு டப்பா உன் ஊர் மத்தியானத்தில் நிற்காது. டப்பாவின் மேல் கார்னாபா என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது அதனால்தான். பாலிமர் கலந்த செயற்கை பேஸ்ட் வேக்ஸ் அதே விலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கு. மினுமினுப்பு கொஞ்சம் குறைந்தாலும் அது கூடுதல் நாள் நிற்கும்.

‘100 சதவீதம் கார்னாபா’ என்று போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே. சுத்தமான கார்னாபா கல் மாதிரி இறுகிக் கிடக்கும், அதைத் துணியில் தொட்டுத் தேய்க்கவே முடியாது. கரைப்பானும் எண்ணெயும் வேறு மெழுகுகளும் சேர்ந்தால்தான் அது பேஸ்ட் ஆகும். விலை கூடிய டப்பாவில் மணம் நன்றாக இருக்கும், தேய்க்கச் சுலபமாக இருக்கும், பளபளப்பிலும் பழகிய கண்ணுக்கு ஒரு வித்தியாசம் தெரியும். ஆனால் உங்கள் ஊர் வெயிலும் உப்பும் அதையும் சில மாதங்களில் தின்றுவிடும். மெல்லிசாகப் போட்டால் ஒரு காருக்கு 10, 15 கிராமுக்கு மேல் செலவாகாது. 200 கிராம் டப்பா ஒன்று உனக்கு வருஷத்துக்கு மேலேயே வரும்.

செராமிக் கெட்ட சாமான் இல்லை. கைதேர்ந்தவர் போட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் அதைப் போடுவதற்கு முன் மெஷின் வைத்து பஃபிங் செய்வார்கள். பெயிண்டுக்கு மேல் இருக்கும் கிளியர் கோட்டின் கனம் 40, 50 மைக்ரான் இருக்கும். நாம் எழுதுகிற தாளின் கனத்தில் ஏறக்குறைய பாதி. முன்பு எத்தனை தடவை பஃபிங் ஆன வண்டி என்று தெரியாதபோது, இருக்கிற கொஞ்சத்தையும் தேய்த்தெடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கடையில் ஒரே அலமாரியில் பாலிஷ், ரப்பிங் காம்பவுண்ட், கிளீனர் வேக்ஸ், வேக்ஸ் எல்லாம் ஒரே மாதிரி டப்பாவில் இருக்கும். காம்பவுண்ட் பெயிண்டை அரைக்கும். கிளீனர் வேக்ஸிலும் மெல்லிய அரைப்பு உண்டு. மங்கிய பானட்டுக்கும் கூரைக்கும் கிளீனர் வேக்ஸை ஒரே ஒரு முறை கையால் போட்டுக்கொள், அதோடு நிறுத்திவிடு. அப்போது வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்துப் பார். துணியில் சிவப்பு ஏறினால் அந்த இடத்தில் கிளியர் கோட் இல்லை என்று அர்த்தம், அங்கே உடனே கையை எடுத்துவிடு. உன் போட்டோவில் இடது பக்க ஃபெண்டரின் சாயல் கொஞ்சம் வேறாகத் தெரிகிறது. முன்பு எங்கேயோ கொடுத்து அடித்த பெயிண்டாக இருக்கலாம்.

இனி கழுவும் விஷயம். இதைக் கவனமாகப் படி. உங்கள் ஊரில் அனல் மின் நிலையச் சாம்பலும், துறைமுக நிலக்கரித் தூசியும், உப்பளக் காற்றும் வண்டி மேல் படியும். காலையில் வெறும் துணியை எடுத்துத் துடைத்தால் அந்தத் தூசியே பெயிண்டில் கீறல் போடும். வெயில் படும்போது வட்ட வட்டமாகத் தெரியும் கோடுகள் அப்படி வந்தவைதான். முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்கிவிடு, அப்புறம் கார் ஷாம்பு. துணி துவைக்கிற சோப்புத்தூள் வேண்டாம், அது போட்ட வேக்ஸையும் சேர்த்துக் கழுவிவிடும். போர் தண்ணீரில் கழுவினாலும் கடைசி இரண்டு வாளி கார்ப்பரேஷன் தண்ணீராக இருக்கட்டும். காயவிடாமல் உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடு. போர் தண்ணீர் காய்ந்து உண்டாகும் வெள்ளைப் புள்ளிகளின் மேல் வேக்ஸ் போட்டால் புள்ளி அடியில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

ஈரம் போனதும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டின் மேல் விரல்களை மெதுவாக ஓட்டு. வெறும் கைக்கு வழுவழுவென்று இருந்த இடம் கவருக்குள்ளிருந்து சொரசொரவென்று தெரியும். கழுவிப் போகாமல் ஒட்டிக்கொண்ட துகள்கள் அவை. கிளே பார் என்ற களிமண் கட்டி ஒன்றை வாங்கி, ஷாம்பு தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் தடவினால் அந்தக் களிமண்ணிலேயே ஒட்டி வந்துவிடும். களிமண் தரையில் விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடு, மறுபடி உபயோகிக்காதே.

வேக்ஸ் போட வெயில் ஏறுமுன் காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ நிழலில் உட்கார். தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஸ்பாஞ்சை டப்பாவில் ஒரு சுற்று சுற்றினால் ஒரு கதவுக்குப் போதும். தடிமனாகப் போட்டால் பாதுகாப்பு கூடாது, துடைக்கிற கைதான் வலிக்கும். ஒரு பாகம் போட்டுக் கொஞ்சம் பொறுத்து, ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழு. விரல் போன இடம் சுத்தமாக மின்னினால் துடைக்கலாம், மசமசவென்று இழுவினால் இன்னும் காயவில்லை. கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள். பட்டால் வெள்ளைத் திட்டாகிவிடும், லேசில் போகாது.

கடற்கரை ஊரில் துரு பெரும்பாலும் வெளித்தகட்டில் ஆரம்பிக்காது. கதவைத் திறந்தால் அடிப்பக்கம் தகடு மடிந்த விளிம்பு தெரியும், டிக்கி மூடியின் உள்விளிம்பும் அப்படித்தான், அங்கேதான் ஆரம்பிக்கும். அந்த விளிம்புகளைத் துடைத்துக் காயவைத்து அங்கேயும் வேக்ஸ் தடவு. கதவின் அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றை வேக்ஸோ மண்ணோ அடைத்துவிடாமல் ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடு. இதைச் செய்கிறவர்கள் குறைவு. நீ செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

டீசல் நனைத்த துணியால் துடைத்தால் பளபளவென்று இருக்கும் என்று டிரைவர்கள் யாராவது சொல்வார்கள். அந்தப் பளபளப்பு மறுநாளே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேக்ஸையும் கரைத்துவிடும். காக்கை எச்சம் விழுந்தால் ஈரத்துணியை அதன் மேல் ஊறவைத்து எடு, தேய்க்காதே. வேக்ஸ் இருந்தாலும் எச்சம் பெயிண்டைக் கடிக்கும், உனக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான்.

தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கும் வரை வேக்ஸ் இருக்கிறது. பரப்பாகப் படர ஆரம்பித்தால் மறுபடி போடு. உங்கள் ஊருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தேவைப்படும், கோடையில் அதற்கு முன்னாலேயே.

பொங்கலுக்கு வண்டியிலேயே வா. அந்த ஃபெண்டரைப் பகல் வெளிச்சத்தில் நேரில் பார்க்க வேண்டும். அதுவரை அதில் கிளீனர் வேக்ஸ் போடாதே.

அன்புடன்,
மாமா