தேனிக் கம்பியில்லாத் தொடர்பும் நம் சங்கங்களும்

சங்கக் கட்டடத்தில் தொலை மருத்துவ அறை ஒன்றை அமைத்துக் கொள்ளலாமா என்ற கேள்வி, குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பகுதிச் சங்கங்கள் சிலவற்றின் நிர்வாகக் குழுக்களில் எழுந்து வருகிறது. பொதுநல நிதியிலிருந்து செலவிட்டால் தகுமா என்றும் நம்மிடம் கேட்கின்றனர். கருவி விற்போர் தரும் விலைப்பட்டியலைப் பார்த்தால், திரை, படக்கருவி, கணினி, நாற்காலி வரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விவரம் இருக்கும். மருத்துவரோடு இணைக்கும் தொடர்பைப் பற்றி மட்டும் கடைசியில் ஒரே ஒரு வரி இருக்கும். அறை நிலைப்பதும் பூட்டிக் கிடப்பதும் அந்த ஒரு வரியைப் பொறுத்தவை. ஆகவே இம்மாதப் பாடமாக அந்த வரியையே எடுத்துக் கொள்கிறோம். இதற்கு நல்ல உதாரணம் நம் மாநிலத்திலேயே, தேனியில் இருக்கிறது.

முதலில், கண் மருத்துவத்தை ஏன் எடுத்துக் கொள்கிறோம் என்பதைச் சொல்லிவிடுவோம். நாற்பது வயதைக் கடந்தவருக்குக் கிட்டத்திலுள்ளவை மங்கத் தொடங்குவது இயற்கை. எழுதப் படிக்க வேண்டாதவர் இதைப் பொருட்படுத்தாமல் காலந்தள்ளலாம். விழுதில் இழை கோப்பவரும், அறுந்த பாவைப் பிணைப்பவரும், காலணியின் மேல்தோலை இயந்திரத்தில் தைக்கும் பெண்களும் அவ்வாறு தள்ள முடியாது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது நிரம்பிய தொழிலாளர் 751 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியொன்று 2018-இல் வெளியாயிற்று. கிட்டப்பார்வைக்கு உதவும் எளிய மூக்குக்கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உற்பத்தியைப் பெருக்கினர். கொழுந்து பறிப்பதில் இவ்வளவு வேறுபாடு உண்டாயின், நூறாம் நம்பர் நூலோடு மல்லுக்கட்டும் தறிக்காரருக்கு எவ்வளவு என்பதை அங்கத்தினர்களே ஊகித்துக் கொள்ளலாம். விவசாய அங்கத்தினர்களுக்கோ வேறு தொல்லை. கதிரடிக்கையில் நெல்லுமி கண்ணில் பட்டுக் கருவிழி கீறினால், அதை இரண்டு நாள் கவனியாது விடுவது பார்வைக்கே ஆபத்தாக முடியும்.

இத்தகைய குறைகளுக்கு வேலூர் சென்று வர ஒரு நாள் கூலி போகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகிறது. ஆகவே பலர் போவதில்லை. நோயாளி வர இயலாவிடில் மருத்துவம் அவரிடம் போக வேண்டும் என்பது நம் மாவட்டத்துக்குப் புதிய எண்ணமன்று. வேலூரில் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கிய ஐடா ஸ்கட்டர் அம்மையார், குடியாத்தம் சாலையில் வழிநெடுக வண்டியை நிறுத்தி, மரநிழலில் நோயாளிகளைப் பார்த்து வந்தார். நூறாண்டுக்குப் பின், 2000-இல், நமக்கு அண்டையிலுள்ள சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராம மருத்துவமனை, நகரத்து அப்பல்லோ மருத்துவர்களோடு செயற்கைக்கோள் வழியாக இணைக்கப்பட்டது. செயற்கைக்கோள் மேலானது; ஆனால் அதன் செலவை ஒரு கிராமச் சங்கம் தாங்காது. குறைந்த செலவில் அதே காரியம் ஆகுமா என்பதைத்தான் தேனியில் சோதித்தனர்.

டாக்டர் கோ. வேங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-இல் தேனியிலும் ஒரு மருத்துவமனையைத் திறந்தது. அந்நிறுவனம் கிராமந்தோறும் கண் சிகிச்சை முகாம்கள் நடத்திப் பெயர் பெற்றது. ஆனால் 1999-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கசப்பான உண்மையொன்றை வெளிப்படுத்திற்று: முகாம் நடந்த ஊர்களில் கண் குறையுள்ளோரில் நூற்றுக்கு ஏழு பேர் கூட முகாமுக்கு வரவில்லை. முகாம் ஒரு நாள் வந்து போகிறது. கண் நோய் தினமும் வருகிறது. எனவே 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற பணிப்பெண் ஒருவர் அங்கே பார்வையை அளந்து, பிளவு விளக்கின் மூலம் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியிலிருக்கும் மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியோடு பேசி முடிவு கூறுவார். கண்ணாடி போதுமென்றால் அங்கேயே முடிந்துவிடும். கண்புரை அறுவை போன்றவற்றுக்கே பிரயாணம் வேண்டியிருக்கும்.

இம்மையங்களைத் தேனியோடு இணைக்கும் வேலையைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த எரிக் புரூவர், ராபின் பத்ரா, சோனேஷ் சுரானா, செர்ஜியு நெதெவ்ஷி முதலிய ஆராய்ச்சியாளர்கள் மேற்கொண்டனர். வீடுகளிலும் அலுவலகங்களிலும் பயன்படும் சாதாரண வைஃபை அட்டைகளையே எடுத்து, அலையை ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாவைப் பொருத்தி, கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு அனுப்பினர். இணைப்புகள் ஒரு கிலோமீட்டர் முதல் பதினைந்து கிலோமீட்டர் வரை நீண்டன. சில இடங்களில் கோபுரம் கட்டும் செலவு கூட மிச்சமாயிற்று. நூற்பாலை வளாகமொன்றின் புகைபோக்கியே கோபுரமாக உதவிற்று. நம் தோல் பதனிடும் ஊர்களிலும் உயர்ந்த புகைபோக்கிகள் உண்டு என்பதை இங்கே சொல்லி வைக்கிறோம். ஆன்டெனாக்கள் இரண்டும் ஒன்றையொன்று நேரே காண வேண்டும் என்பது நிபந்தனை. ஆம்பூரைச் சூழ்ந்த குன்றுகள் ஓரிடத்தில் மறைக்கும், மற்றோரிடத்தில் அவையே உயரத்தைக் கொடுக்கும்.

அலை சென்றது; ஆனால் படமும் குரலும் ஒழுங்காகச் செல்லவில்லை. காரணத்தை அங்கத்தினர்கள் அறிந்த வழக்கத்தைக் கொண்டே விளக்கலாம். சங்கம் நூல் கட்டுகளை நெசவாளருக்கு அனுப்புகிறது. ஒரு கட்டுக்கு ரசீது வந்த பிறகே அடுத்த கட்டு என்பது விதி. நெசவாளர் எதிர்வீட்டில் இருந்தால் தாமதமில்லை. பத்து மைல் தொலைவில் இருந்தால், ரசீதுக்காகக் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். ரசீது வரத் தாமதமானதைக் கட்டு தொலைந்ததாக எண்ணி மறுபடியும் அதையே அனுப்பினால் குழப்பமும் சேரும். வைஃபை விதிமுறை சில நூறு அடிகளுக்கென வகுக்கப்பட்டது. செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கேட்டே அடுத்ததை அனுப்பும். பதினைந்து கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கே பிடிக்கும் என்றாலும், அந்த விதிமுறைக்கு அதுவே அளவுக்கு மீறிய தாமதம்.

இதற்கு அவர்கள் கண்ட வழி, நம் சங்கங்கள் செய்வதைப் போன்றதே: ஒவ்வொரு கட்டுக்கும் ரசீது கேளாமல் பல கட்டுகளுக்குச் சேர்த்து ஒரே ரசீது. அத்துடன் யார் எப்போது பேசுவது என்பதற்கு முறை வைத்தனர். ஒரே கோபுரத்தில் பல ஆன்டெனாக்கள் இருக்கும்போது ஒன்று அனுப்புகையில் மற்றொன்று கேட்க முயன்றால், விசைத்தறி ஓடும் கொட்டகையில் இரகசியம் கேட்பதைப் போலாகும். எல்லாம் ஒரே சமயம் அனுப்பட்டும், பிறகு எல்லாம் ஒரே சமயம் கேட்கட்டும் என்ற இவ்வெண்ணத்தை 2005-இலேயே கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாஸ்கரன் ராமன், காமேஸ்வரி செப்ரோலு ஆகியோர் விதிமுறையாக வகுத்திருந்தனர்.

வழியில் தொலையும் பொட்டலங்களுக்குச் செய்த ஏற்பாடு, தணிக்கை செய்வோராகிய நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. பேரேட்டில் பத்துப் பதிவுகளும் கூட்டுத்தொகையும் எழுதியிருக்கிறோம். தண்ணீர் பட்டு ஒரு பதிவு அழிந்துவிட்டது. மீதி ஒன்பதையும் கூட்டுத்தொகையையும் கொண்டு அழிந்ததைக் கண்டுபிடித்துவிடலாமல்லவா? அதைப் போன்றே, பொட்டலங்களோடு ஒரு கூட்டுத்தொகைப் பொட்டலத்தையும் சேர்த்து அனுப்பினால், தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்காமலே மீட்கலாம். கூட்டுத்தொகை அனுப்புவதற்கும் இடம் பிடிக்கும் என்பதால், இழப்பு மிகுந்த வேளையில் அதிகமாகவும் குறைந்த வேளையில் கொஞ்சமாகவும் அனுப்புமாறு அமைத்தனர். நகர்ப்புறங்களில் இழப்புக்குப் பெருங்காரணம் அக்கம்பக்கத்திலுள்ள பிற வைஃபை கருவிகளின் குறுக்கீடே என்பதையும் அதே குழுவினர் 2007-இல் எடுத்துக் காட்டினர். கடைகள் நெருங்கிய ஆம்பூர் பஜாரை நினைத்துக் கொண்டால் இது விளங்கும்.

வைல்ட்நெட் என்று பெயரிடப்பட்ட இவ்வேற்பாடு, பழைய விதிமுறை தந்த மிக உயர்ந்த வேகத்தைப் போல் இரண்டிலிருந்து ஐந்து மடங்கு வரை தந்ததாக 2007-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. கருவி மாறவில்லை, செலவு ஏறவில்லை. விதி மட்டுமே மாறிற்று. எனினும் நம் அபிப்பிராயத்தில், அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இந்த வெற்றியை அன்று. அடுத்த ஆண்டு அதே குழுவினர் வெளியிட்ட இரண்டாவது கட்டுரையை. அதற்குள் தேனி வலைத்தொடர்பு மாதம் 3000 கிராமத்து நோயாளிகளுக்கு உதவி வந்தது. ஆனால் தொல்லை கொடுத்தவை அலையும் விதிமுறையுமல்ல. மின்சாரமும் ஆள் பழக்கமும்.

வட இந்தியக் கிராமமொன்றில் அவர்கள் மின்னழுத்தத்தை அளந்தபோது, 1000 வோல்ட்டைத் தாண்டிய திடீர் எழுச்சிகள் பதிவாயின. அழுத்தம் தாழ்ந்த வேளையிலும் கெடுதலே: கருவி முழுவதும் அணையாமல் அரைகுறையாகத் தொங்கி நின்று, தானே மறுபடியும் கிளம்பாமல் போகும். மின்கலத்தை அடிவரை வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும். இதற்காக, அழுத்தம் ஓரளவுக்குக் கீழே தாழ்ந்தால் தொடர்பை அறவே துண்டித்து, உயர்ந்தபின் சேர்க்கும் மலிவான சுற்றொன்றைத் தயாரித்துப் பொருத்தினர். தர்மசாலையில் இதே குழுவினர் உதவிய மற்றொரு வலைத்தொடர்பில் குரங்குகள் ஆன்டெனாவில் தொங்கி விளையாடுவதையும் சமாளிக்க வேண்டியிருந்தது! இவற்றைவிடக் கடினமாக இருந்தது, பழுது எதுவென்று அறிவது. மையத்திலிருந்து "வேலை செய்யவில்லை" என்று மட்டும் தகவல் வந்தால், பெர்க்லியில் இருப்பவர் என்ன செய்வார்? அதனால் கருவிகள் தம் நிலையைத் தாமே தெரிவிக்குமாறு செய்ததோடு, பழுதை முதலில் பார்த்துச் சொல்லவும் சிறிய பழுதைத் தாமே நீக்கவும் உள்ளூர்ப் பணியாளருக்குப் பயிற்சி அளித்தனர். ஆராய்ச்சியாளர் ஊர் திரும்பிய பின்பும் வலைத்தொடர்பு பிழைத்ததற்கு இதுவே பெருங்காரணம் என்று கருதுகிறோம். அரவிந்தின் பார்வை மையங்கள் இன்று நூற்றைக் கடந்துவிட்டன.

இப்போது கைப்பேசி அலைவரிசையும் கண்ணாடியிழை வடமும் பல ஊர்களுக்கு வந்துவிட்டன. கோபுரம் கட்டி அலையைக் குவிக்கும் தேவை நம் சமவெளிச் சங்கங்களுக்குப் பெரும்பாலும் இராது. மருத்துவர் தொலைவிலிருந்து ஆலோசனை கூறுவதற்கான நெறிமுறைகளை இந்திய அரசு 2020 மார்ச் 25-இல் வெளியிட்டது. அவற்றின்படி, நோயாளியே தொடர்பு கொண்டால் அவர் சம்மதித்ததாகவே பொருள். போதைப்பொருள் வகை மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித் தரக்கூடாது. அவ்வாண்டு ஏப்ரலிலேயே வீட்டிலிருந்தபடி ஆலோசனை பெறும் ஈசஞ்சீவனி சேவையும் தொடங்கிற்று. ஆகவே சங்கம் தனி மருத்துவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொடர்பைச் சோதிக்கும் கேள்விகள் மட்டும் தேனியில் எழுந்தவையேதாம்.

விற்பவர் "நூறு எம்.பி.பி.எஸ்." என்று கூறுவது, நல்ல வேளையில் கிடைக்கும் உச்ச வேகம். மருத்துவர் கண்ணைப் பார்த்து நோயாளியோடு பேசுவதற்கு உச்ச வேகத்தைவிட, பொட்டலம் தொலையாமையும், தாமதம் சீராக இருப்பதுமே முக்கியம். ஒரு நிமிடம் பறந்தும் அடுத்த நிமிடம் நின்றும் போகும் தொடர்பைவிட, மெதுவாயினும் ஒரே சீராகச் செல்வது மேல். எனவே அறைக்குப் பணம் ஒதுக்குமுன் பதினைந்து நாள் சோதனை நடத்துமாறு நிர்வாகக் குழுக்களைக் கேட்டுக் கொள்கிறோம். சோதனையைக் காலை பத்து மணிக்கு அதிகாரி முன்னிலையில் நடத்திப் பயனில்லை. தறிகளும் தொழிற்சாலைகளும் ஓடும் நேரத்திலும், எல்லோரும் கைப்பேசியில் படம் பார்க்கும் மாலை ஏழு மணிக்கும், மழை நாளிலும் நடத்த வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், மணி, பேச்சு அறுந்த தடவை, மின்சாரம் நின்ற நேரம், மீண்டும் இணைய எத்தனை நிமிடம், சரிசெய்தவர் யார் என்று எழுதி வந்தால் போதும்.

கடைசிப் பத்தியில் தினந்தோறும் விற்பனையாளரின் பெயரே வந்தால், அந்த அறை சங்கத்துடையதாக இன்னும் ஆகவில்லை என்று கொள்ள வேண்டும். சங்க எழுத்தர் ஒருவரையும் உள்ளூரில் மின்வேலை தெரிந்த இளைஞர் ஒருவரையும் இதற்குப் பழக்கி, அவர்களுக்கான ஊதியத்தையும் மின்கலம் மாற்றும் செலவையும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் காட்டிய தீர்மானங்கள் வந்தால் பரிந்துரை செய்வதில் நமக்குத் தடையில்லை. கருவி வாங்கும் தொகை மட்டும் கொண்ட தீர்மானங்களை, இந்த நோட்டுப் புத்தகத்தை இணைக்குமாறு குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவோம்.