இருட்டில் ஒரு குப்பி

அன்புள்ள தம்பி,

படம் கிடைத்தது. குப்பியில் நல்ல சிவப்பு. "அக்கா, தங்கம் வந்துடுச்சு" என்று கீழே எழுதியிருக்கிறாய். வந்திருக்கலாம். ஆனால் ஒளியால் தங்க உப்பைத் தங்கத் துகளாக்க நீ போட்ட சாயம் ஈயோசின். அதுவே தண்ணீரில் சிவப்புதான். ஒளியை அது அதிகமாக உறிஞ்சுவது 517 நானோமீட்டர் வாக்கில். சின்னத் தங்கத் துகளுக்கோ 520. இரண்டும் ஒரே இடத்தில் குந்தியிருக்கும்போது கண்ணை எப்படி நம்புவது?

நானும் ஏமாந்தவள்தான். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருஷம் இதே ஈயோசின், இதே பச்சை எல்.இ.டி. எல்லாரிடமும் சொல்லி முடித்த பிறகு ஒரு சீனியர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓரமெல்லாம் பச்சையாக மின்னியது. "தங்கம் இப்படி மின்னுமா?" என்றார். அடுத்த கேள்விதான் சுட்டது: "தங்க உப்பு போடாத குப்பி எங்கே?" அப்படி ஒன்றை நான் வைக்கவே இல்லை.

நீ வை. தங்க உப்பு இல்லாதது ஒன்று, சாயம் இல்லாதது ஒன்று, எல்லாம் போட்டு அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் வைப்பது ஒன்று. கடைசிக் குப்பி முக்கியம். நீ சேர்க்கும் டிரைஎத்தனாலமீன் வெளிச்சமே இல்லாமல் மெதுவாகத் தங்கத்தை ஒடுக்கக்கூடும். அப்படியானால் உன் விளக்குக்கு அங்கே என்ன வேலை?

சாயத்தை 'ஒடுக்கும் காரணி' என்று எழுதியிருக்கிறாயே, அதையும் யோசி. ஒளி வாங்கிய சாயம் டிரைஎத்தனாலமீனிடம் எலக்ட்ரானைப் பிடுங்கித் தங்க அயனியிடம் கொடுத்தால் அது வெறும் தரகர். தன் எலக்ட்ரானையே கொடுத்து வெளுத்துப்போனால்தான் அந்தப் பெயர் பொருந்தும். ஓர் அயனி உலோகமாக மூன்று எலக்ட்ரான் வேண்டும். சாயத்தின் அளவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார், எது நடக்கிறதென்று பிடிபடும். நடுவில் ஆக்ஸிஜன் வேறு கிளர்ந்த சாயத்தை அணைத்துவிடும். முதலில் நைட்ரஜன் விடு.

கண்ணாடிச் சாமான்களை ராஜதிராவகத்தில் கழுவு. ஒட்டியிருக்கும் பழைய தங்கம் புதிய துகளுக்கு விதையாகிவிடும். புகைபோக்கிப் பெட்டிக்குள்ளேயே செய், மூடியை இறுக்காதே.

அடுத்த முறை மெத்திலீன் நீலமும் சிவப்பு விளக்கும் போட்டுப் பார்க்கலாம். அதன் உச்சம் 664, தங்கத்தோடு மோதாது.

அதுவரை ஒரு சுலப வழி. 1857-இல் ஃபாரடே தன் செந்நிறத் தங்கக் கரைசலில் உப்பைச் சேர்த்து அது நீலமாவதைப் பார்த்தார். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம். அப்படி ஒட்டாமல் தடுக்கும் பாலிமர் எதுவும் நீ போடவில்லையே? அப்படியானால் கொஞ்சத்தைத் தனியே எடுத்து ஒரு சிட்டிகை உப்புப் போடு. தங்கமென்றால் ஊதாவாகி நீலத்துக்குப் போகும். ஈயோசின் அப்படியே சிவப்பாக நிற்கும்.

பார்த்துவிட்டுப் படம் அனுப்பு. இருட்டுக் குப்பியும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா