எம்.எஸ்.டபிள்யூ. சேரப்போகிறவர்களுக்கு

கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் மாதங்களில் தெரிந்தவர்கள் யாராவது தங்கள் வீட்டுப் பிள்ளையோடு வந்துவிடுவார்கள். "டிகிரி முடிச்சிட்டா. அடுத்தவங்களுக்கு உதவி செய்றதுன்னா இவளுக்கு உசிரு. சோஷியல் வொர்க் சேர்த்துவிடலாமா?" என்பார்கள். அந்தப் பெண்ணிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: "ஒருத்தர் தன் கஷ்டத்தைச் சொல்றப்ப, குறுக்க அறிவுரை சொல்லாம, முக்கால் மணி நேரம் காதுகொடுத்துக் கேட்க முடியுமா?" பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும்.

நான் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டுத் திருச்சியில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலைப் படிப்பில் சேர்ந்தவள். இப்போது ஒரு மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களையும் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகளில் கவனித்ததைச் சொல்கிறேன்: இரக்க குணத்தை மட்டும் நம்பி வருகிறவர்கள்தான் முதலில் களைத்துப்போகிறார்கள். கேட்பதும், எழுதுவதும், எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்தை நீட்டுவது என்று தெரிந்திருப்பதும் பழகிப் பழகி வரவேண்டிய தொழில் திறமைகள். அவற்றைக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் படிப்பு.

படிப்பின் அமைப்பு

எந்தப் பட்டம் பெற்றவரும் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். பிளஸ் டூ முடித்ததும் சேர மூன்று ஆண்டு பி.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. இந்தியாவில் இந்தக் கல்வி 1936-இல் மும்பையில், இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியில் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் வந்தது.

தனிநபர், குழு, சமூகம் ஆகியவற்றோடு பணிசெய்யும் முறைகள், சமூகச் செயல்பாடு, நல நிர்வாகம், ஆய்வு என ஆறு முறைகள்தான் பாடத்தின் முதுகெலும்பு. பிறகு சிறப்புப் பிரிவு: சமூக மேம்பாடு, மருத்துவம் மற்றும் மனநலம், குடும்பம் மற்றும் குழந்தைகள் நலம், மனிதவளம். இதில் மனிதவளம் எப்படி வந்தது என்று பலரும் கேட்பார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் கட்டாயம் என்றது. அந்த வேலைக்கு ஆள் தயாரிக்கும் பொறுப்பு சமூகப் பணித் துறைகளுக்கு வந்துசேர்ந்தது. எச்.ஆர். வேலைதான் குறிக்கோள் என்றால் கூச்சப்படாமல் அதற்கென்றே சேருங்கள். அந்தப் பிரிவு எல்லாக் கல்லூரிகளிலும் கிடையாது என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

களப்பணிதான் பட்டம்

வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், தொண்டு நிறுவனம், கிராமம் என்று எங்காவது அனுப்புவார்கள். இதோடு கிராம முகாம், கடைசியில் ஒரு மாதத் தொடர் பயிற்சி. தேர்வில் பெயிலானால் அரியர் எழுதிக்கொள்ளலாம். களப்பணியில் கோட்டைவிட்டதைப் பிறகு பிடிப்பது கடினம்.

முதல் பாடம் நேரம். மாணவர்கள் காலை 11 மணிக்கு ஊருக்குள் போய் "பெண்கள் யாரும் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவார்கள். அந்தப் பெண்கள் நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போயிருப்பார்கள். சாயங்காலம் தண்ணீர் வரும் நேரத்தில் குழாயடியில் நின்றால் ஊரே வந்து பேசும். ஆண்களைப் பிடிக்க டீக்கடை. அதிகாரிகளைப் பிடிக்க, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஊராட்சியின் முழு நிலவரமும் வேண்டுமா? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள்.

இரண்டாவது பாடம் கேட்பது. ஹெலன் ஹாரிஸ் பெர்ல்மன் 1957-இல் தனிநபர் பணிக்கு வகுத்த ஆள், பிரச்சினை, இடம், செயல்முறை என்ற நான்கையும் தேர்வுக்காக எல்லோரும் மனப்பாடம் செய்வோம். அதன் பொருள் எனக்கு வார்டில்தான் புரிந்தது. காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிடவேண்டிய இளம்பெண் ஒருத்தி பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடி இருமலோடு வந்திருந்தாள். எல்லோரும் திட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வீட்டில் விடிந்ததிலிருந்து என்ன நடக்கும் என்று மட்டும் கேட்டேன். கடைசியில் சொன்னாள். புகுந்த வீட்டுக்கு நோய் தெரியாது. மாத்திரை டப்பாவை அக்கா வீட்டில் வைத்திருக்கிறாள். அக்கா வேறு ஊருக்கு வீடு மாறிவிட்டாள். அவ்வளவுதான். "மாத்திரையின் அவசியத்தை விளக்கினேன்" என்று எழுதிவிட்டு வந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. அவளுக்கு வேண்டியிருந்தது டப்பாவை வைக்க ஓர் இடமும், கணவரிடம் பேச ஒரு துணையும்.

சிவப்பு மை

ஒவ்வொரு களப்பணி நாளுக்கும் அறிக்கை எழுதவேண்டும். இதைத்தான் மாணவர்கள் அதிகம் வெறுக்கிறார்கள். பழைய நோட்டைப் பார்த்து எழுதுவது, நாலு நாள் அறிக்கையை ஒரே ராத்திரியில் முடிப்பது எல்லாம் நடக்கும். எங்கள் மேற்பார்வை ஆசிரியையிடம் அது செல்லாது. "பாட்டி மிகவும் சோகமாக இருந்தார்" என்று எழுதினால் 'சோகமாக' என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் "எதைப் பார்த்தாய்? என்ன சொன்னார்?" என்று எழுதுவார். திருத்தி எழுதியது இப்படி இருக்கும்: "சாப்பாட்டுத் தட்டு தொடாமல் கட்டிலுக்கு அடியில் இருந்தது. மகன் எப்போது வருவார் என்று கேட்டேன். 'அவனுக்கு லாரியில லோடு இருக்கும்மா' என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்."

இது இலக்கியப் பயிற்சி இல்லை. குழந்தைகள் நலக் குழுவுக்கு நீங்கள் ஒரு சமூக விசாரணை அறிக்கை கொடுத்தால், அந்தக் குழந்தை வீட்டுக்குப் போவதா, இல்லத்துக்குப் போவதா என்ற முடிவில் உங்கள் வாக்கியங்களுக்கும் பங்கு உண்டு. "தந்தை பொறுப்பற்றவர்" என்று எழுதுவது எளிது. கண்ணால் பார்த்தது, அவர் வாயால் சொன்னது, அக்கம்பக்கத்தார் சொன்னது, நானாக நினைப்பது ஆகிய நான்கையும் தனித்தனியே எழுதப் பழகுங்கள். அன்றைய அறிக்கையை அன்று இரவே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதும்போது அவர்கள் சொன்ன சொற்கள் மறந்து, நம் சொற்கள் அந்த இடத்தில் ஏறிக்கொள்ளும்.

காகித வழி

நோயாளியின் குடும்பத்துக்கு ஆறுதல் தேவைதான். அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது காப்பீட்டு அட்டை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கவேண்டும். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டில் கிடக்கும். ஆதாரில் ஒரு இனிஷியல், கார்டில் வேறு இனிஷியல் இருக்கும். இ-சேவை மையத்தில் என்ன கேட்பார்கள், வி.ஏ.ஓ. எதை விசாரிப்பார், தாலுகா அலுவலகத்தில் எந்தச் சான்று தருவார்கள் என்பதையெல்லாம் மாணவப் பருவத்திலேயே ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் சொந்த வருமானச் சான்றுக்கு நீங்களே விண்ணப்பித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

சட்டங்களையும் இப்படியே படியுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியாவும் ஹீமோஃபிலியாவும் அந்தப் பட்டியலில் இருப்பது, அந்த நோயுள்ள பிள்ளையின் பெற்றோர் பலருக்கே தெரியாது. பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற மாதாமாதம் வரும் ஒரு தாய்க்கு அடையாள அட்டை பற்றிச் சொல்லி, படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால், அன்றைய வேலை உருப்படியானது.

சாதியைப் படிக்காமல் முடியாது

பாடநூல்களில் பாதி அமெரிக்காவிலிருந்து வந்தவை. மேரி ரிச்மண்ட் 1917-இல் எழுதிய 'சோஷியல் டயக்னோசிஸ்' அடித்தளமான நூல்தான். ஆனால் அதில் ஊரும் காலனியும் கிடையாது. அந்தப் பிளவை முகாமில்தான் படிக்கவேண்டும்.

பங்கேற்பு ஊரக மதிப்பீட்டில், ஊர்க்காரர்களையே தரையில் கோலமாவால் ஊரின் வரைபடத்தைப் போடச் சொல்வோம். எங்கள் முகாமில் ஆண்கள் போட்ட படத்தில் கோயில், டீக்கடை, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் இருந்தன. பெண்கள் போட்டதில் அடிபம்பு, எந்தக் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும், விளக்கு எரியாத தெரு, இருட்டில் ஒதுங்கப் போகும் கருவேலங்காடு எல்லாம் வந்தன. காலனி இரண்டு படத்திலும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்தான் "எங்க தெரு எங்க?" என்று கேட்டு, மாவை வாங்கி ஓரத்தில் கோடு இழுத்தாள். ஊர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் இதைக் கற்றிருக்க முடியாது.

கிராமத்தில் உங்களையும் கேட்பார்கள்: "எந்த ஊரு பாப்பா? எந்தத் தெரு? யாரு வூட்டுப் பொண்ணு?" கேள்வி எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயரையும் கல்லூரிப் பெயரையும் சொல்லிவிட்டு, "உங்க பிள்ளைங்க என்ன படிக்குதுங்க அம்மா?" என்று பேச்சை அவர்கள் பக்கம் திருப்புங்கள். ஊருக்குள் ஒரு வீட்டில் தண்ணீர் குடித்தால் காலனியிலும் ஒரு வீட்டில் குடியுங்கள். எல்லோரும் அதைக் கவனிப்பார்கள், கவனிக்கட்டும்.

எல்லைக்கோடு

உங்கள் கைக்காசை எடுத்துக் கொடுக்காதீர்கள். கொடுத்த மறுவாரம் நீங்கள் பணியாளர் இல்லை, பணம் தருகிறவர். சொந்த போன் நம்பருக்குப் பதிலாக நிறுவனத்தின் நம்பரைக் கொடுங்கள். குழந்தைகளோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது அறவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எந்தக் குழந்தைக்கும் சத்தியம் செய்யாதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீஸில் தெரிவிப்பது கட்டாயம்; மறைப்பது தண்டனைக்குரியது. "உன் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அன்றே மேற்பார்வையாளருக்குத் தகவல் போகவேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் மனப்பாடமாக இருக்கட்டும்.

கேட்ட கதைகள் ராத்திரி தூங்கவிடாது. அதற்காகத்தான் வாராந்தரத் தனிச்சந்திப்பு என்று ஒன்று பாடத்திட்டத்தில் இருக்கிறது. மதிப்பெண் பேசும் நேரமாக அதை வீணாக்காமல், மனதில் கனப்பதைச் சொல்லுங்கள்.

வேலையும் சம்பளமும்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் போன்றவற்றில் பல இடங்கள் ஒப்பந்தமும் தொகுப்பூதியமும்தான். தொண்டு நிறுவன வேலை நிதி வரும் வரைதான். மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் பணிகள் உண்டு. மனநலச் சமூகப் பணியாளர் ஆக எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது, 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அதற்குமேல் இரண்டு ஆண்டு எம்.ஃபில். கேட்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியதால், அந்தப் படிப்பின் இப்போதைய நிலையைப் பயிற்சி நிறுவனத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்கச் சம்பளம் ஐ.டி. வேலைக்குப் பக்கத்தில்கூட வராது. கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் இதைக் கணக்கில் வைத்து வாங்குங்கள்.

பணம் கட்டும் முன் துறைத் தலைவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். களப்பணிக்கு எந்தெந்த நிறுவனங்களுக்கு அனுப்புகிறீர்கள்? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? வாராந்தரத் தனிச்சந்திப்பு உண்மையாகவே நடக்கிறதா? முடிந்தால் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் களப்பணி நோட்டை வாங்கிப் பாருங்கள். ஓரத்தில் ஆசிரியரின் கேள்விகள் நிறைந்திருந்தால் தைரியமாகச் சேருங்கள். வெறும் கையெழுத்தும் தேதியும்தான் இருக்கிறதென்றால், வேறு கல்லூரி பாருங்கள்.